ராட்டினத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெயின்ட் அடித்தேன்

எங்கள் ராட்டினம் சுற்றும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2023 காணும் பொங்கல் அன்று சாயங்காலம், கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில், அந்தக் கிறீச்சுக்கு நடுவே 'டக்' என்று இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. பிள்ளைகள் உட்காருகிற மூன்றாம் தொட்டி உச்சிக்குப் போய்க் கீழே திரும்புகிற அதே இடத்தில். நாலு சுற்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு எடுத்த அந்த ஒரு முடிவுதான் சரியான முடிவு. அடுத்த நாலு மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. அந்த நாலு மாதத்தில் பணம் மட்டும் 2,20,000 ரூபாய் போனது. கேட்க ஆள் இல்லை, இதைப் பற்றித் தமிழில் எழுதியது எதுவும் எனக்குக் கிடைக்கவும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பழைய மர ராட்டினமோ, குதிரை வைத்த குடைராட்டினமோ, மரத்தில் செய்த வேறு எந்த விளையாட்டுச் சாமானோ உங்களிடம் இருந்தால், கையில் காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ராட்டினத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் சாலையோரத்தில் எங்களுக்கு ஒரு சிறிய விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. அப்பா 1994-ல் ஆரம்பித்தது. அதற்கு முன் ஐயா, அதாவது என் தாத்தா, இதே ராட்டினத்தை மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் ஏற்றிக்கொண்டு குன்றக்குடி தைப்பூசம், சிராவயல் மஞ்சுவிரட்டு, காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா என்று ஊர் ஊராகப் போனவர். 1968-ல் ஒரு செட்டியார் வீட்டை இடித்தபோது விலைக்கு வாங்கிய பர்மா தேக்கில் அவர் செய்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு அங்கே கொண்டுவிற்று வந்த, அதாவது கடல் கடந்து தொழில் நடத்திய, செட்டியார் குடும்பங்கள் பல நொடித்துப் போயின. அதற்கப்புறம் இங்கே எத்தனையோ வீடுகள் தூணும் உத்தரமுமாகப் பிரித்து விற்கப்பட்டன. எங்கள் ராட்டினத்தில் தொட்டிகளைத் தாங்குகிற கைகள், அப்படி ஒரு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், இருந்த உத்தரங்கள். நாலு தொட்டி, தொட்டிக்கு நாலு பிள்ளைகள். கைகள் 18 அடி நீளம், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு. நடுவில் ஒரு இரும்பு அச்சு. அதைத் தாங்க இரண்டு பக்கமும் சேர்த்து நாலு கால். மோட்டார் கிடையாது, இரண்டு பேர் கையால்தான் தள்ளிச் சுற்ற வேண்டும். பெரிய ஊர்ப் பூங்காக்களில் இருக்கிற சாமான்களுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். தாங்கள் சிறு பிள்ளையாக ஏறியதில் தங்கள் பிள்ளையை ஏற்ற வருகிறார்கள்.

பொங்கல் முடிந்த வாரமே ஒரு காண்டிராக்டரைக் கூப்பிட்டேன். வெளியூர்க்காரர். ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மர வேலை செய்பவர் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வந்தார், ராட்டினத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார், கைப்பேசியில் படம் எடுத்தார், நின்ற இடத்திலேயே ஒரு தொகை சொன்னார். மரம், கூலி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 2,75,000. ஏப்ரல் 10-க்குள் முடித்துத் தருகிறேன் என்றார். முழுப் பரீட்சை லீவுக்குத் திறந்துவிடலாம் என்ற ஆசையில் நான் அன்றே 1,20,000 முன்பணம் கொடுத்தேன். இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. அவர் எந்த நட்டையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஏணி கேட்கவில்லை. எந்த மரம், எத்தனை கன அடி, எந்தப் பாகத்தை மாற்றப் போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நின்று பார்த்து மொத்தத் தொகை சொல்கிற யாரிடமும் பழைய மர வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. நின்றுகொண்டிருக்கிற மரத்தைப் பார்த்து அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்தத் தொகையும் குருட்டுக் கணக்காகத்தான் இருக்கும். பிரிப்பதற்குத் தனிக் கூலி பேசுங்கள். பிரித்துக் கீழே அடுக்கிய பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டு, எது இருக்கும் எது போகும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் விலை பேசுங்கள்.

எங்கள் காண்டிராக்டர் ராட்டினத்தைப் பிரிக்கவே இல்லை. சாரம் கட்டி, நாலு கைகளில் கண்ணுக்கு மோசமாகத் தெரிந்த இரண்டை மட்டும் இறக்கிவிட்டுப் புதுத் தேக்கில் இரண்டு செய்து மாட்டினார்கள். மற்ற இரண்டில் இருந்த வெடிப்புகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று பெயின்ட் அடித்தார்கள். பார்க்க அப்படியே தேர் மாதிரி இருந்தது. அம்மா திருஷ்டி கழித்தார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல், புதுக் கையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "குளுகுளுன்னு இருக்குடா" என்றார். பெயின்ட் காயவில்லை போலும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது மரத்தின் ஈரத்தை.

வாங்கும்போது அது சீசன் ஆன மரம், அதாவது நன்றாகக் காய்ந்த மரம் என்றுதான் சொன்னார்கள். இந்த 'சீசன்' என்ற சொல்லை நம்பி நம் ஊரில் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மரம் காயும்போது நீளவாட்டில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை, அகலவாட்டில்தான் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் 6 அங்குல அகலக் கட்டை ஈரமாக இருந்து காய்ந்தால் 3, 4 மில்லிமீட்டர் குறைந்துவிடும். வீட்டுக் கதவென்றால் அது ஒரு குறையாகவே தெரியாது. ராட்டினத்தில் இரண்டு கைகள் குறுக்கே ஒன்றுக்குள் ஒன்று அரைக்கு அரை வெட்டி உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் அத்தனை மில்லிமீட்டர் குறைந்தால் பிடிப்பே போய்விடும். நட்டு இறுக்கமாக இருப்பதாகத் தெரியும், ஆனால் நட்டுக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுதான் இருக்கும்.

மரம் காய்ந்ததா என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். வாங்கப் போகிற கட்டையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி வாங்குங்கள். ஓரத்தில் வெட்டிய துண்டு வேண்டாம், ஓரம் எப்போதும் முதலில் காய்ந்துவிடும். அதை நகைக்கடைத் தராசிலோ மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசிலோ நிறுத்து எடையை எழுதிவையுங்கள். வீட்டுக்குள் நிழலில் பத்து நாள் வைத்துவிட்டு மறுபடி நிறுங்கள். எடை இறங்கியிருந்தால் கட்டை இன்னும் காய்கிறது என்று அர்த்தம். ஈரம் பார்க்கிற சின்னக் கருவியும் கிடைக்கிறது, இரண்டு ஊசி இருக்கும், மரத்தில் குத்தினால் எண் காட்டும். நான் பின்னால் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். அதை முன்னாலேயே வாங்கியிருந்தால் அந்த மரத்தைத் தொட்டிருக்க மாட்டேன்.

மே மாதம், கத்திரி வெயில். திறப்பதற்கு முன் பாரம் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். காண்டிராக்டர், அதெல்லாம் எதற்கு, நான் உத்தரவாதம் என்றார். அப்பாவின் பிடிவாதத்துக்கு நான் இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு தொட்டியில் நாலு பிள்ளைகள், ஆளுக்கு 30 கிலோ வைத்தால் 120 கிலோ. அதில் ஒன்றரை மடங்கு 180 கிலோ. 45 கிலோ மணல் மூட்டை தொட்டிக்கு நாலு. முதலில் எல்லாத் தொட்டியிலும் ஏற்றிச் சுற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு தொட்டியில் மட்டும் மூட்டைகளை வைத்துவிட்டு மற்ற மூன்றையும் காலியாக விட்டோம். திருவிழாக் கூட்டத்தில் இப்படித்தான் நடக்கும். பிள்ளைகளை ஏற்றி இறக்கும்போது ஒரு தொட்டி நிறைந்திருக்கும், எதிர்த்தொட்டி காலியாக இருக்கும். ராட்டினம் படுகிற பாட்டில் அதுதான் மோசமான பாடு.

மூட்டை வைத்த தொட்டி பாதி உயரத்துக்குப் போனது. 'டக்'. பொங்கல் அன்று கேட்ட அதே சத்தம். அதற்குப் பின்னாலேயே கரும்பை ஒடிக்கிற மாதிரி ஒரு நீண்ட சத்தம். பெயின்ட் அடித்து மறைத்த பழைய கை ஒன்று, பசை வைத்து அடைத்த இடத்திலேயே நீளவாட்டில் பிளந்தது. தொட்டி ஒரு பக்கமாகச் சாய, மூட்டைகள் சரிந்து ஒன்று மேலிருந்து விழுந்து மண்ணில் வெடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. தள்ளிவிட்ட இரண்டு பையன்களும் முன்னரே விலகியிருந்தார்கள். நான் அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். 45 கிலோ. ஒரு பிள்ளையும் இன்னொரு சின்னப் பிள்ளையும் சேர்ந்த எடை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அடுத்த பத்து நாள் பூங்காவின் கேட்டைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடினால் அந்த மூட்டை விழும். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விறகுக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

காண்டிராக்டர் அதற்குப் பிறகு வரவில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அதுவரை கொடுத்திருந்த 2,20,000-க்கு என்னால் கேள்வி கேட்கவும் முடியவில்லை. அம்மாவின் வளையல் அடகில் இருந்தது. லீவுக் காலம் முழுக்கப் பூங்கா மூடிக் கிடந்ததில் சுமார் ஒன்றரை லட்சம் வருமானம் வேறு போச்சு.

ஆடி மாதம்தான் ஒரு ஆசாரி வந்தார். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். வண்டிச் சக்கரம் செய்த குடும்பம், தேர் வேலைக்கும் போய் வந்தவர். அப்பத்தாவின் ஊர்க்காரர் என்பதால் வந்தார், இல்லையென்றால் என் பேச்சுக்கு வந்திருக்க மாட்டார். பெயின்ட்டைப் பார்த்ததும், "நோயாளிக்குப் புதுச்சட்டை போட்டு விட்டிருக்கீங்களே தம்பி" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "முதல்ல எல்லாத்தையும் எடுத்துக் கீழ வைங்க. தொங்குறதப் பாத்து நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். பாரம் தூக்குகிற சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து ஆறு நாளில் பிரித்தோம். ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, நான் நோட்டில் வரைந்துகொண்டேன். மண்ணில் நேரடியாக வைக்கக் கூடாது என்று செங்கல் அடுக்கி அதன் மேல் கட்டைகளைப் படுக்க வைத்தார். எங்கள் செம்மண்ணில் கரையான் ஒரே ராத்திரியில் ஏறிவிடும்.

அவர் சோதித்த விதத்தை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், நீங்களே செய்து பார்க்கலாம் என்பதால். கையில் ஒரு கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல், ஒரு குத்தூசி. கட்டையின் ஒரு முனையிலிருந்து சாண் சாணாகக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் 'டண்' என்று தெளிவாகக் கேட்கும், உள்ளே கெட்ட இடத்தில் 'பொத்' என்று அமுங்கிக் கேட்கும். அந்த இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்துவார். வைரம் பாய்ந்த தேக்கில் ஊசி முனை மட்டும் பதியும், இழுத்தால் சிலாம்பு நீளமாகப் பிய்யும். கெட்ட மரத்தில் ஊசி சுகமாக இறங்கும், நெம்பினால் துண்டு பிஸ்கட் மாதிரி உடையும். தேக்கு என்றால் கரையான் தொடாது என்பது நடுக்கட்டையான வைரத்துக்குத்தான் பொருந்தும். வெளிப்பக்கத்து வெள்ளைக்கட்டையைக் கரையானும் தின்னும், பொடிவண்டும் துளைக்கும். கட்டையின் அடியில் மாவு மாதிரி பொடி கொட்டியிருந்தால் அது வெள்ளைக்கட்டை.

பெரிய அதிர்ச்சி கால்களில் இருந்தது. ஆசாரி, காலைச் சுற்றி நின்ற சிமென்ட் திண்டை உடைக்கச் சொன்னார். பூங்கா ஆரம்பித்தபோது அழகுக்காகவும் உறுதிக்காகவும் அப்பா கட்டியது. உடைத்துவிட்டு மண்மட்டத்தில் குத்தூசியை வைத்தார். பிடி வரைக்கும் போனது. நாலு அங்குல ஊசி, சத்தமே இல்லாமல். அப்பாவின் முகத்தை அப்போது பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணில் நட்ட கால் மண்மட்டத்தில்தான் முதலில் அழுகும். ஆழத்தில் காற்று இல்லை, மேலே ஈரம் நிற்பதில்லை, இரண்டும் சேருவது அந்த ஒரு சாண் உயரத்தில். சிமென்ட் திண்டு மழைத் தண்ணீரை அதே இடத்தில் பிடித்து வைத்திருந்தது. மூன்றடி ஆழத்தில் தோண்டி எடுத்த அடிக்கட்டை இன்னும் தங்கம் மாதிரி இருந்தது, அதற்கு மேலே நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. எட்டு அங்குலக் காலில் தாங்கிக்கொண்டிருந்தது சுற்றிலும் இருந்த ஒரு ஓடுதான். கைகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு நான் பணத்தைக் கொட்டியபோது, ராட்டினம் முழுவதும் நின்றது அந்த ஓட்டின் மேல். உங்கள் சாமானில் மரம் மண்ணுக்குள்ளோ சிமென்ட்டுக்குள்ளோ போகிற இடம் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதலில் அங்கே போய்க் குத்திப் பாருங்கள்.

'டக்' சத்தத்துக்கு அதுவும் காரணம் இல்லை. அச்சுதான் காரணம். அச்சைப் பார்த்த ஆசாரி, இது என் வேலை இல்லை, இரும்பு தெரிந்தவனிடம் காட்டுங்கள் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அவர் மேல் அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அச்சைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சினார்கள். கொஞ்ச நேரம் விட்டு முழுக்கத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி மாதிரி ஒன்றை அடித்தார்கள். வெள்ளையாக இருந்த அச்சில், கனம் மாறுகிற கழுத்துப் பகுதியில், தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல மெல்ல ஊறி வெளியே வந்தது. கழுத்தில் கால்வாசி சுற்றுக்கு ஓடியது. விரிசலுக்குள் போய் ஒளிந்திருந்த சாயம் அது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. அந்தக் கழுத்தைக் கூர்மூலையாகக் கடைந்திருந்ததுதான் காரணம் என்று பட்டறைக்காரர் விளக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் அச்சு மேலும் கீழுமாக வளைந்து கொடுக்கும், அந்த அழுத்தம் எல்லாம் கூர்மூலையில் போய்க் குவியும். புது அச்சில் அந்த மூலையை வளைவாகக் கடையச் சொல்லி, அச்சு உட்காருகிற வெண்கல வளையமான புஷ்ஷும் சேர்த்து 31,000 ஆனது. மர ராட்டினம் என்றாலே மரத்தைத்தான் பார்க்கத் தோன்றும். ஆனால் அச்சில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, திடீரென்றுதான் போகும்.

வேலை நடந்த மாதங்களில் ராத்திரி தூக்கம் வராமல் வெளிநாட்டில் மரச் சாமான்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் அல்டூனா என்ற ஊரில் 'லீப் தி டிப்ஸ்' என்று ஒரு மர ரோலர் கோஸ்டர். 1902-ல் கட்டியது. பழுதாகி 1985-ல் மூடி, பதினாலு வருஷம் அப்படியே கிடந்து, 1999-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏதோ தெரிந்த வீட்டுச் செய்தி மாதிரி. மர ரோலர் கோஸ்டரின் தடம் ஒரே கட்டை இல்லையாம். பலகைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே பட்டை இரும்பை வைத்து முடுக்குகிறார்கள். கெட்ட அடுக்கை மட்டும் எடுத்து மாற்றலாம். தினமும் காலையில் ஓட்டுவதற்கு முன் ஆட்கள் தடத்தின் மேல் நடந்து போய், தளர்ந்த போல்ட்டை முடுக்கிவிட்டு வருகிறார்கள். கூட்டம் இல்லாத மாதங்களில் வருஷத்துக்கு ஒரு பகுதி என்று புது மரம் போடுகிறார்கள். ஐயா காலத்தில் திருவிழாவுக்குத் திருவிழா ராட்டினத்தைப் பிரித்துப் பூட்டியபோது இந்த வேலை தானாகவே நடந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நட்டையும் யாரோ ஒருவர் கையால் தொட்டார்கள். 1994-ல் அதை ஒரே இடத்தில் நிறுத்தினோம். அதன் பிறகு கிட்டத்தட்ட முப்பது வருஷம் யாரும் தொடவில்லை.

இரண்டாம் தடவை மரம் வாங்கியது இடிப்பு மரம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகள் எல்லாருக்கும் தெரியும், அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் சொல்லிவைத்தால் வீடு இடிக்கும்போது தகவல் வரும். கன அடி 3,400 வீதம் 14 கன அடி வாங்கினோம். பழைய மரத்தில் ஈரப் பயம் இல்லை, வேறு பயம் இருக்கிறது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும், பழைய கழுந்துக்கு, அதாவது பொருத்து முளைக்கு, வெட்டிய துளை இருக்கும், கொக்கி மாட்டிய ஓட்டை இருக்கும். காந்தத்தைத் தடவிப் பாருங்கள். அறுக்கும்போது ரம்பம் போவது மட்டும் பிரச்சினை இல்லை, கையின் நடுப்பகுதியில் அப்படி ஓர் ஓட்டை வந்தால் அந்த இடத்தில்தான் கட்டை ஒடியும். ஆசாரி ஒவ்வொரு உத்தரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை எல்லாம் பலம் படாத பக்கம் வருகிற மாதிரி அளவெடுத்தார். பதினொரு உத்தரத்தில் நாலுதான் கைக்குத் தேறியது, மற்றதைத் தொட்டிக்குப் பலகை அறுத்தோம். காலுக்கு, அழுகின பாகத்தை வெட்டிவிட்டு, நிலத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு கான்கிரீட் மேடை போட்டு, அதில் இரும்புச் செருப்பு பதித்து, அதற்குள் காலை நிறுத்தினோம். செருப்பின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. இனி மரம் மண்ணைத் தொடாது.

ஆணி ஒன்றுகூடப் போடவில்லை, எல்லாம் துத்தநாகம் பூசிய போல்ட். சாதா வாஷருக்குப் பதில் மூன்றங்குலச் சதுரத் தகடு, இல்லையென்றால் முடுக்க முடுக்க நட்டு மரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். இரட்டை நட்டு. முடுக்கியதும் நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு கழன்றிருக்கிறது, கீழே நின்றே பார்த்துவிடலாம். மரத்துக்குப் பெயின்ட் இல்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும். வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே கண்ணில் பட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். எங்கள் கொட்டகையில் ஒரு சாயங்காலம் துணிக் குவியலில் புகை வந்தது, அம்மா பார்த்ததால் தப்பித்தோம். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆசாரிக்கும் உதவியாளுக்கும் 46 நாள் கூலி 92,000. மரம் 47,600. அச்சும் புஷ்ஷும் 31,000. கான்கிரீட்டும் இரும்புச் செருப்பும் 38,000. போல்ட், தகடு 17,500. செயின் பிளாக் வாடகை 12,000. பாரச் சோதனையை வந்து பார்த்துச் சான்று கொடுத்த இன்ஜினியருக்கு 15,000. மொத்தம் 2,53,100. அதாவது முதல் ஆள் கேட்டதைவிடக் குறைவு. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த 2,20,000 கையில் இருந்திருக்கும், வளையலும் அடகுக்குப் போயிருக்காது. சான்று இல்லாமல் இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை. அலைச்சலை நினைத்து அதை விட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நாம் எதைக் கொண்டு பதில் சொல்வது?

2024 மாசியில் மறுபடி மூட்டை ஏற்றினோம். இந்தத் தடவை ஒற்றைத் தொட்டிச் சோதனையைத்தான் முதலில் செய்தோம். இருபது சுற்று. ஆசாரி கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், ராட்டினத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டக் இல்லை. புது புஷ் போட்டதால் கிறீச்சும் இல்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ளைகள ஏத்துங்க" என்றார்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு நானோ அப்பாவோ ஏணியோடு போய் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறோம். ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, எந்த நட்டு, எத்தனை திருப்பு, யார் பார்த்தது என்று எழுதுகிறோம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஐந்தாறு நட்டு முடுக்க வேண்டியிருந்தது, மரம் உட்காரும்வரை அப்படித்தான். இப்போது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. வருஷத்துக்கு ஒரு கையை இறக்கித் தட்டிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை மாதத்தில் எப்படியும் கூட்டம் வராது, அப்போது செய்கிறோம்.

போன ஆடியில் ஒரு நாள் சாயங்காலம் ராட்டினத்திலிருந்து மெல்லியதாக ஒரு கிறீச் கேட்டது. அப்பா முகம் மலர்ந்து, "பழைய சத்தம் வந்திருச்சுடா" என்றார். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தச் சுற்று முடிந்ததும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நோட்டில் எழுதிவிட்டு, மறுநாள் காலை புஷ்ஷைக் கழற்றினோம். கிரீஸ் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து மூடினோம்.